விளங்கிற்றா பிள்ளைகளே?

பாடம் முடியும் வேளையில் ஆசிரியர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “விளங்கிற்றா பிள்ளைகளே?” வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுக்கும்: “விளங்கிற்று, சேர்!” அந்த விடையை நம்பி ஒருநாளேனும் ஏமாறாத ஆசிரியர் உளரோ, அறியேன். விளங்காத பிள்ளையும் மற்றவரோடு சேர்ந்து வாயசைத்திருப்பான். பக்கத்து வாங்கில் இருப்பவன் நகைப்பானே என்ற அச்சம் அவனுக்கு!

இஃது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க உளவியலறிஞர் சொலமன் ஆஷ் 1951ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்வதே வேலை. மற்றையோர் முன்னேற்பாட்டின்படி பிழையான விடை கூறினர். உண்மையறியாது அவர்களிடையே அமர்ந்திருந்த மாணவரின் விடைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, கூட்டத்தைப் பின்பற்றிப் பிழையாயிற்று. விடையைத் தனியே எழுதலாம் என்று விட்டபோதோ அப்பிழை பெரிதும் குறைந்தது.

இணையவழி வினாக்கொத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. கூகுள் படிவம் போன்ற கருவியில் ஆசிரியர் தமிழிலேயே வினாக்களை எழுதலாம்; பெயர் கேளாமலும் விடலாம். விடைகள் வந்து சேரச் சேர வட்டப் படமாகி நிற்கும்.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஏற்ற வினா ஒன்று சொல்வேன். பாரமேற்றிய தோணி, கொட்டியாரக் குடாவின் உப்புநீரை விட்டு மகாவலியின் நன்னீருக்குள் நுழைகிறது. அது முன்னிலும் சற்று அமிழுமா, உயருமா, மாறாதிருக்குமா? கையுயர்த்தச் சொன்னால், வகுப்பின் கெட்டிக்காரனுடைய கையைப் பார்த்தே ஏனைய கைகள் எழும். படிவத்தில் அவ்வாறு பார்க்க வழியில்லை.

விடைகள் பிரிந்து நின்றால் ஆசிரியர் அவசரப்பட்டுச் சரியானதைச் சொல்லிவிடலாகாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை நல்லது: அருகிலிருப்பவருக்குத் தம் விடையின் காரணத்தைச் சொல்லும்படி மாணவரை விட்டு, பின்னர் மீண்டும் விடை கேட்பார். தந்தையோடு தோணி தள்ளிப் பழகிய பிள்ளை, என்றும் பின்வாங்கில் ஊமையாயிருப்பவன், அன்று வாய் திறக்கக்கூடும். (கடல்நீர் நன்னீரிலும் ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி மிக்கது. ஆதலின் தோணி ஆற்றில் சிறிதளவு கூடுதலாக அமிழும்.)

ஒன்றை மறத்தலாகாது. படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைத் திரட்டும் அமைப்பு உண்டு; அதனை முதலில் அணைத்துவிட வேண்டும். பெயர் தெரியாது என்று வாக்களித்துவிட்டு, “இதை எழுதியவன் யார்?” என்று துருவும் ஆசிரியருக்கு மறுமுறை உண்மையான விடை கிடையாது.

கைத்தொலைபேசிக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமே. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசிக்காகப் பிள்ளைகள் முறைவைத்துக் காத்திருந்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வகுப்பில் நான்காய் மடித்த கடதாசித் துண்டும் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் போதும். எண்ணி முடிக்கத்தான் சிறிது நேரம் பிடிக்கும்.