கடன் கைமாறினால் போதுமா?

கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அதனை 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வட்டியை நெறிப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் பணி என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால், கடன் அட்டை வட்டி இத்தனை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆகவே, தற்காத்துக்கொள்ளும் பொறுப்பு கடனாளியையே சேர்கிறது.

அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர், மூன்று அட்டைகளின் நிலுவையை ஒரே தனிநபர் கடனாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். இருவரும் கணக்கிட்டுப் பார்த்தோம்.

நிலுவை ஒரு லட்சம் ரூபாய் என்று கொள்வோம். மாதம் 3.5 விழுக்காடு வட்டியென்றால் ரூ.3,500, அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.630. மாதம் ரூ.5,000 செலுத்தினாலும் முதல் மாதத்தில் அசலில் குறைவது ரூ.870 மட்டுமே. புதிதாக எதுவும் வாங்காமல் இவ்வாறே செலுத்தினால் கடன் தீர மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகும். அசலைவிட அதிகத் தொகை வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அதே தொகையை 15 விழுக்காடு வட்டியில் தனிநபர் கடனாகப் பெற்றால், மாதம் ஏறத்தாழ ரூ.4,850 வீதம் இரண்டே ஆண்டுகளில் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டி சுமார் ரூ.16,400. பரிசீலனைக் கட்டணத்தைச் சேர்த்தாலும் ஆதாயம் பெரிது.

ஆனால், இந்த ஆதாயம் தவணைக் காலத்தைப் பொறுத்தது. மாதத் தவணை குறைகிறதே என்று ஐந்தாண்டுக் கடனைத் தேர்ந்தெடுத்தால், வட்டி மட்டும் ரூ.42,700-ஐத் தாண்டும். மேலும், 15 விழுக்காடு என்பது எல்லோருக்கும் கிடைப்பதன்று. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, பிணையற்ற நுகர்வோர் கடன்களுக்கான இடர் மதிப்பை 100-இலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தியது. அதன்பின், கடன் வரலாற்றில் ஏற்கெனவே தவறியவர்களிடம் வங்கிகள் கூடுதல் எச்சரிக்கை காட்டுவது இயல்பே. மருந்து மிகவும் தேவைப்படுபவருக்கே அது எட்டாமல் போகிறது.

தனிநபர் கடன் கிடைக்காவிட்டால் மனைவியின் நகைகளை அடகு வைத்துவிடுவதாக மாணவர் சொன்னார். அங்கேதான் நான் அவரைத் தடுத்தேன். கடன் அட்டைக் கடன் பிணையற்றது. அதை அடைக்க நகையை அடகு வைத்தால் வட்டி குறையும், உண்மைதான். ஆனால், ஒருவரின் செலவுக்கு மொத்தக் குடும்பத்தின் சேமிப்பும் பிணையாகிவிடும். தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். வீட்டுக் கடனின் மீது கூடுதல் கடன் பெறுவதற்கும் இது பொருந்தும்.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிலுவை அடைந்ததும் அட்டையின் வரம்பு முழுவதும் மீண்டும் திறந்துகொள்கிறது. பழைய பழக்கம் தொடர்ந்தால், ஓராண்டில் தனிநபர் கடனும் இருக்கும், அட்டைக் கடனும் இருக்கும்.

ஆகவே, மாணவருக்கு மூன்று யோசனைகள் சொன்னேன். 2024 அக்டோபர் முதல் கடன்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள முக்கிய விவர அறிக்கையைத் தமிழில் கேட்டு வாங்கி, கட்டணங்களும் அடங்கிய ஆண்டு வீதத்தைப் பாருங்கள். இப்போது செலுத்தும் மாதத் தொகையைக் குறைக்காதீர்கள். நிலுவை அடைந்த அன்றே இரண்டு அட்டைகளை மூடிவிடுங்கள். விண்ணப்பித்த ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி அதைச் செய்தாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.500 தர வேண்டும் என்பது விதி.

ரிசர்வ் வங்கிக்கும் ஒரு வேண்டுகோள். அட்டை நிலுவையை அடைப்பதற்கென வழங்கப்படும் கடன் நேரடியாக அந்த அட்டைக் கணக்குகளுக்கே செல்லவும், அட்டை வரம்பு அதே அளவுக்குக் குறையவும் வழிசெய்ய வேண்டும். அப்போதுதான் கடன் உண்மையிலேயே தீரும். இல்லையேல் அது கைமாறியதாக மட்டுமே இருக்கும்.