தொட்டிக்கட்டில் கூடியவர்கள்

சந்தா வாங்கி நடத்தும் இணையக் குழுவுக்கு மென்பொருள் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது, பணம் எந்த வழியாக வந்து சேரும் என்பதை. பலரும் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். சர்க்கிள், மைட்டி நெட்வொர்க்ஸ் போன்ற அமெரிக்கத் தளங்கள் சந்தா வசூலுக்குப் பெரிதும் ஸ்ட்ரைப் நிறுவனத்தையே சார்ந்திருக்கின்றன. ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்கு திறக்கிறது. தென்காசியில் இருந்தபடி பாட்டோ கணக்கோ சொல்லிக்கொடுக்க நினைப்பவர், தளத்தை முழுக்க அமைத்து முடித்த பிறகு இதை அறிந்தால் அத்தனை உழைப்பும் வீண். அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதற்கும் ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. உறுப்பினர் முதலில் ஓடிபி கொடுத்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னதாக அவருக்குத் தகவல் போக வேண்டும். 2020 ஜூலையில் வந்த யுபிஐ ஆட்டோபே, உள்நாட்டு வசூல் சேவைகள் வழியே இந்த வேலையை எளிதாக்கியிருக்கிறது. மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தா மேல் என்று சொல்ல இந்த அலைச்சலும் ஒரு காரணம்.

அடுத்தது, உறுப்பினரின் அந்தரங்கம். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அந்த வரம்பைவிடப் பெரிய குறை, ஒவ்வொருவரின் கைபேசி எண்ணும் மற்ற எல்லோர் கண்ணிலும் படுவது. பெண்கள் மிகுதியாகச் சேரும் குழுவுக்கு வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை இடமும் உண்டு. விவாத மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் திறந்த மூல மென்பொருள். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், ஆனால் பராமரிக்க விவரம் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

உள்ளூர்ச் சரக்கும் இருக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் சிறிய அளவில் அலுவலகம் தொடங்கியது. ஜோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் பெரும்பாலும் அங்கேயே உருவானது. அதே நிறுவனத்தின் ட்ரெயினர்சென்ட்ரலில் கட்டண வகுப்பு நடத்தலாம். 2021-இல் வந்த அதன் ‘அரட்டை’ செயலி 2025 இறுதியில் நாடெங்கும் பேசப்பட்டது. வயல்வெளிக்கு நடுவே இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டியது பெரிய காரியம். ஆனாலும் சொந்த ஊர்ப் பாசத்தால் மட்டும் ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்த ஊர்த் தளமானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடையைக் கட்டினால் உறுப்பினர் பட்டியலும் அவர்கள் எழுதியவையும் யார் கையில் இருக்கும்?

தளம் மூடினால் எழுதியதெல்லாம் போய்விடும் என்ற குறை புதிதல்ல. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாஹூ குழுக்களில் தமிழர்கள் கூடி எழுதிய காலம் ஒன்று இருந்தது. யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. அதற்கு முன்பே, 2014 செப்டம்பர் 30-இல், ஆர்குட் போயிற்று. அவரவர் முயன்று சேமித்தது மிஞ்சியது. சேமிக்காமல் விட்டது, வருடக்கணக்கான பேச்சானாலும், போனது போனதுதான்.

இடம் மாறியும் கலையாத ஒரு குழு குற்றாலத்தின் நினைவில் இருக்கிறது. ரசிகமணி என்று அழைக்கப்பட்ட இலக்கிய ரசிகர் டி.கே.சி.யின் (1882–1954) வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் திருநெல்வேலியில், வண்ணாரப்பேட்டையில் இருந்த அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் தொடங்கியது. ஞாயிறு மாலை கூடுவார்கள். டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துச் சொல்வார். நிறுத்தி, திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் எப்படி அழுத்தம் விழுகிறது என்று கேட்போரையும் உணர வைப்பார். கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்களை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதை இன்றும் பலர் ஏற்பதில்லை. அந்தத் துணிச்சலான தீர்ப்பில் தவறுகள் இருக்கலாம். ஆனால் ஒரு பாட்டை நான்கு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் உயிர் தெரியும் என்ற அவர் முறையில் தவறே இல்லை.

சட்டம் படித்தும் வழக்காடுவதில் அவர் மனம் ஒட்டவில்லை. 1930-களின் முற்பகுதியில் அறநிலையத் துறை ஆணையராக இருந்தார். பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறியபோது, கூட்டமும் அங்கே நகர்ந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி மகாராஜனும் வந்தார்கள். சாரல் பருவத்தில் அருவிக் குளியல், பிறகு விருந்து, பிறகு கம்பன். வந்தவர் யாரும் சந்தா கட்டவில்லை. அது இலவசம் என்று சொல்வதும் சரியாகாது. அந்த அடுப்பு எரிந்ததும் இலை விரிந்ததும் வீட்டுக்காரர் செலவில். அப்படி ஒரு வீடும் வசதியும் இல்லாத இன்றைய ஆசிரியரோ கலைஞரோ சந்தா கேட்பதில் குறை காண எதுவுமில்லை. கேட்கத் தயங்குவோர் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

வட்டத்தொட்டிக்குக் கிழமை இருந்தது, வேளை இருந்தது, பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒருவர் இருந்தார். இந்த மூன்றும் எந்த மென்பொருளின் வசதிப் பட்டியலிலும் வராது. கட்டணக் குழு தொடங்குவோர் இந்த மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், எந்தத் தளம் வேண்டும் என்பது பாதி தீர்ந்துவிடும். வாரம் ஒரு முறை முப்பது பேர் கூடிப் பாடம் கேட்பதற்கு ஒரு காணொளி இணைப்பும் யுபிஐ வசூலும் ஒரு டெலிகிராம் குழுவும் தாராளம். நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் எழுதி விவாதிப்பதானால்தான் டிஸ்கோர்ஸ் போன்ற பெரிய ஏற்பாடு தேவை.

தொலைவில் இருந்த நண்பர்களுக்கு டி.கே.சி. கடிதம் எழுதினார். பேசுவது போலவே எழுதினார். பாட்டும் பலகாரமும் சாரலும் அவற்றில் கலந்து வரும். பெற்றவர்கள் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர் குற்றாலத்தில் மறைந்த பிறகு அந்தக் கடிதங்களை மகாராஜன் தேடித் தொகுத்து நூலாக்கினார்.