51 பெரிதா, 153 பெரிதா?

ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம் "யாராலும் முறியடிக்க முடியாத சாதனை எது?" என்று கேட்டால், பலர் சொல்லும் எண் 51. 1983-84 சீசனில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் வேய்ன் கிரெட்ஸ்கி, சீசனின் முதல் ஆட்டத்தில் ஆரம்பித்து தொடர்ந்து 51 ஆட்டங்களில் குறைந்தது ஒரு பாயிண்டாவது எடுத்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. கிரெட்ஸ்கியின் பல சாதனைகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் அவருடைய மொத்த கோல் கணக்கை 2025 ஏப்ரல் 6 அன்று 895-வது கோல் அடித்து அலெக்ஸ் ஓவெச்கின் தாண்டிவிட்டார். 51-ஐ மட்டும் யாரும் நெருங்கக்கூட இல்லை, மாரியோ லெமியு ஒருவரைத் தவிர.

அந்த 51 ஆட்டங்கள் உண்மையிலேயே மகத்தானவை. ஆனால் மகத்துவம் 51 என்ற எண்ணில் இல்லை என்பதுதான் என் வாதம். ரசிகர்கள் இரண்டு பேர் கிரெட்ஸ்கியா லெமியுவா என்று சண்டை போடும்போது 51-ஐயும் 46-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைப் பார்த்தால், கணக்கு படிக்கிறவனுக்குக் கொஞ்சம் கை அரிக்கிறது :-)

ஹாக்கி பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. கோல் அடித்தால் ஒரு பாயிண்ட். அந்த கோலுக்கு முன்னால் பக்கைக் கடைசியாகத் தள்ளிக் கொடுத்த சக வீரர்களுக்கும் (அதிகபட்சம் இரண்டு பேர்) ஆளுக்கு ஒரு பாயிண்ட். அதற்கு அசிஸ்ட் என்று பெயர். இரண்டையும் கூட்டினால் ஒரு வீரரின் பாயிண்ட் கணக்கு வந்துவிடும். தொடர்ந்து எத்தனை ஆட்டங்களில் பாயிண்ட் எடுத்தார் என்பதுதான் இங்கே பேசப்படும் தொடர்ச்சி.

இப்போது கிரிக்கெட்டில் யோசித்துப் பாருங்கள். ஒரு பேட்ஸ்மேன் தொடர்ந்து 51 இன்னிங்ஸ் பூஜ்யத்தில் அவுட் ஆகவில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ரன்னும் ஒன்று, இரட்டைச் சதமும் ஒன்று. அவர் எவ்வளவு பெரிய பேட்ஸ்மேன் என்று அது சொல்லாது. டக் அவுட் ஆகவில்லை என்று மட்டும்தான் சொல்லும். பாயிண்ட் தொடர்ச்சியும் அப்படியேதான். ஒரே இரவில் ஐந்து பாயிண்ட் எடுத்தாலும் ஒரு ஆட்டம், தத்தித் தடுமாறி ஒன்று எடுத்தாலும் ஒரு ஆட்டம்.

இதற்கு அந்த 51-க்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1984 ஜனவரி 11, சிகாகோ. கிரெட்ஸ்கியின் தொடர்ச்சியில் அது 44-வது ஆட்டம். கடைசி நிமிடம் வரை அவருக்கு ஒரு பாயிண்டும் இல்லை. பின்தங்கியிருந்த சிகாகோ, கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு அவருக்குப் பதில் இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கியிருந்தது. ஹாக்கியில் இது வழக்கமான கடைசி நேரச் சூதாட்டம். ஆட்டம் முடிய 2 வினாடிகள் இருக்கும்போது, குறுக்கே வந்த பாஸைப் பிடித்த கிரெட்ஸ்கி காலி வலைக்குள் பக்கைத் தள்ளினார். தொடர்ச்சி பிழைத்தது.

அந்த பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால்? தொடர்ச்சி 43-இல் முடிந்திருக்கும். லெமியுவின் 46 உலக சாதனையாகி, "யாராலும் முறியடிக்க முடியாது" என்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் கிரெட்ஸ்கி என்ற ஆட்டக்காரர் அணுவளவும் மாறியிருக்க மாட்டார். அதே 51 ஆட்டங்களில் 153 பாயிண்ட் எடுத்தவர் 152 எடுத்திருப்பார், அவ்வளவுதான்.

153! 61 கோல், 92 அசிஸ்ட். சராசரி, சரியாக ஆட்டத்துக்கு மூன்று. என்னைப் பொறுத்தவரை சாதனைப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டியது இதைத்தான்.

எங்கள் பி.காம் புள்ளியியல் தாளில் பாய்சான் பரவல் என்று ஒன்று உண்டு. சராசரி தெரிந்தால், ஒரு நாளில் பூஜ்யம் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிடும். ஆட்டத்துக்கு 3 பாயிண்ட் எடுப்பவர் ஒரு ஆட்டத்தில் பூஜ்யம் எடுக்க சுமார் 5 சதவீதம் வாய்ப்பு. அப்படியானால் 51 ஆட்டங்களில் ஒரு முறைகூடப் பூஜ்யம் வராமல் இருக்க சுமார் 7 சதவீதம். அரிதுதான், அதிசயம் இல்லை.

இதையே மற்றவர்களுக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியம் தலைகீழாகிறது. லெமியு 1989-90 சீசனில் பிட்ஸ்பர்க் பென்குயின்ஸுக்காக 46 ஆட்டங்களில் 39 கோல், 64 அசிஸ்ட், மொத்தம் 103 பாயிண்ட். சராசரி 2.24. அந்த சராசரியில் 46 ஆட்டங்கள் தொடர்வதற்கு வாய்ப்பு அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். சிகாகோவின் பேட்ரிக் கேன் 2015-இல் 26 ஆட்டங்களில் 40 பாயிண்ட் எடுத்தார். அமெரிக்க வீரர்களில் அதுதான் மிக நீளமான தொடர்ச்சி. அவருடைய சராசரிக்கு அது ஆயிரத்தில் இரண்டு. அதாவது இந்த மூவரில் அதிர்ஷ்டத்தின் தயவு குறைவாகத் தேவைப்பட்டவர் கிரெட்ஸ்கி, அதிகமாகத் தேவைப்பட்டவர் கேன். (தொடர்ச்சிக்குள் இருக்கும் சராசரியையே எடுத்துக் கணக்குப் போடுவது சுத்தமான முறை அல்ல, பூஜ்யங்களை முன்கூட்டியே வடிகட்டிவிட்டு எடுத்த சராசரி அது. புள்ளியியல் வாத்தியார் பார்த்தால் சிவப்பு மை போடுவார். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே ஓரவஞ்சனை என்பதால் வரிசை பார்க்க இது போதும்.)

லெமியுவின் 46 எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் கோல்கீப்பரும் அதை முடித்து வைக்கவில்லை. அந்த சீசன் முழுக்க அவருக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. வலி அதிகமான நாட்களில் ஸ்கேட் கயிறு கட்டுவதற்குக் குனியக்கூட முடியாது, வேறு ஒருவர் கட்டிவிட வேண்டும். 1990 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டு பீரியட் ஆடிவிட்டு, வலி தாங்காமல் வெளியேறினார். பாயிண்ட் இல்லை. கணக்கேட்டில் அது பூஜ்யம். அதற்குப் பிறகு சீசனின் கடைசி ஆட்டத்துக்குத்தான் திரும்பினார், அந்தக் கோடையிலேயே அறுவை சிகிச்சை. கிரெட்ஸ்கியின் தொடர்ச்சி ஜனவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸின் மார்கஸ் மேட்சன் என்ற கோல்கீப்பரிடம் முடிந்தது. அவருக்கும் அப்போது தோளில் அடி, அடுத்த ஆறு ஆட்டங்கள் ஆடவில்லை. ஆக 51, 46 என்ற இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஐந்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு எலும்பும் சதையும் என்று யார் பிரித்துச் சொல்வது?

அடுத்தது விலைவாசி. வணிகவியல் மாணவன் இதைத் தொடாமல் போக முடியாது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய சம்பளத்தை இன்றைய சம்பளத்தோடு அப்படியே ஒப்பிட மாட்டோம் அல்லவா? கோலுக்கும் பணவீக்கம் உண்டு. 1983-84-இல் என்.ஹெச்.எல். ஆட்டம் ஒன்றில் இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக சுமார் 7.9 கோல் அடித்தன. 1989-90-இல் சுமார் 7.4. 2010-11-இல் சுமார் 5.6, கேனின் சீசனில் 5.4. எண்பதுகளின் கோல்கீப்பர்கள் சின்னச் சின்ன கால்காப்புகளோடு பெரும்பாலும் நின்றபடி தடுத்தார்கள். முட்டி மடக்கி, கால்களை விரித்துப் பனித்தரையை மூடும் பாணி பரவியது பின்னால்தான்.

எல்லோரையும் ஆட்டத்துக்கு 6 கோல் என்ற ஒரே விலைவாசிக்குக் கொண்டு வருவோம். கிரெட்ஸ்கியின் 3.00 சுருங்கி 2.28 ஆகிறது. லெமியுவின் 2.24, 1.82 ஆகிறது. கேன் 1.5-இலிருந்து 1.7-க்கு ஏறுகிறார். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவர் சிட்னி கிராஸ்பி. 2010 நவம்பர் 5 முதல் டிசம்பர் 28 வரை 25 ஆட்டங்கள், 26 கோல், 24 அசிஸ்ட். சரியாக 50 பாயிண்ட், சராசரி 2. விலைவாசி திருத்தினால் 2.15! கிரெட்ஸ்கிக்கு மிக அருகில். நீளத்தில் பாதிகூட இல்லாததால் யாரும் அதை அந்த வரிசையில் வைப்பதில்லை. அடுத்த சில நாட்களிலேயே, 2011 ஜனவரி 1-ஆம் தேதியும் 5-ஆம் தேதியும் தலையில் அடிபட்டு, நவம்பர் 21 வரை அவர் ஆடவே இல்லை. நல்ல தொடர்ச்சிகளுக்குப் பின்னால் ஏன் எப்போதும் ஒரு மருத்துவமனை வருகிறது என்று தெரியவில்லை.

"கிரெட்ஸ்கிக்கு என்ன, பக்கத்தில் குர்ரி, காஃபி, மெஸ்ஸியே எல்லாம் இருந்தார்கள்" என்பது லெமியு கட்சியின் வழக்கமான அஸ்திரம். உண்மைதான். அந்த சீசனில் ஆயிலர்ஸ் 446 கோல் அடித்தது, எந்த அணியும் அதைத் தொட்டதில்லை. கிரெட்ஸ்கியின் 205 பாயிண்ட் அதில் 46 சதவீதம். லெமியுவோ 1988-89-இல் தன் அணியின் 347 கோல்களில் 199-இல் பங்கெடுத்தார், 57 சதவீதம். ஆனால் இந்த வாதத்தை ரொம்ப தூரம் இழுக்க முடியாது. குர்ரி அடித்த கோல்களில் எத்தனை கிரெட்ஸ்கி ஊட்டிவிட்டவை என்ற கேள்வி உடனே எதிரே வந்து நிற்கும்.

அப்படியானால் என் ஓட்டு யாருக்கு? நீண்ட ஓட்டத்துக்கு கிரெட்ஸ்கி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உச்சம் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தொடர்ச்சிப் பட்டியலிலேயே தேட மாட்டேன். 1993-க்குப் போவேன்.

1992-93 சீசனில் முதல் 40 ஆட்டங்களில் லெமியுவுக்கு 104 பாயிண்ட். ஜனவரியில் அவருக்கு ஹாட்ஜ்கின்ஸ் என்ற நிணநீர் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சை. மார்ச் 2 அன்று காலையில் கடைசி சிகிச்சை, மாலையில் ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம். ஒரு கோல், ஒரு அசிஸ்ட். எதிரணி ரசிகர்களைப் படாதபாடு படுத்தும் அந்த ஊர், எழுந்து நின்று கை தட்டியது. அப்போது பாயிண்ட் பட்டியலில் பஃபலோவின் பேட் லஃபோன்டைன் அவரைவிட 12 முன்னால் இருந்தார். சீசன் முடிந்தபோது லெமியு 160, லஃபோன்டைன் 148. 84 ஆட்ட சீசனில் லெமியு ஆடியது 60 மட்டும். திரும்பி வந்த பிறகு ஆடிய 20 ஆட்டங்களில் 30 கோல், 26 அசிஸ்ட். ஆட்டத்துக்கு 2.8. ஆறு கோல் விலைவாசியில் 2.32.

கிரெட்ஸ்கி கட்சி உடனே கேட்கும்: 51 ஆட்டங்களின் சராசரியே 3 என்றால், அதற்குள் நல்லதாகப் பார்த்து ஒரு 20 ஆட்டத்தை வெட்டி எடுத்தால் இன்னும் அதிகம் வராதா? கண்டிப்பாக வரும். ஆனால் அது நல்லதாகப் பார்த்து வெட்டி எடுத்தது. லெமியுவின் 20-ஐ யாரும் வெட்டவில்லை. எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதை சிகிச்சை முடிந்த தேதி தீர்மானித்தது, எங்கே முடிய வேண்டும் என்பதை சீசன் அட்டவணை தீர்மானித்தது. நடுவில் சொதப்பிய ஆட்டம் இருந்தாலும் கணக்கில் உண்டு.

மார்ச் 2 அன்று பென்குயின்ஸ் 5-4 என்று தோற்றது. ஒரு வாரம் கழித்து மார்ச் 9-இல் ஆரம்பித்து ஏப்ரல் 10 வரை, ஆடிய 17 ஆட்டங்களையும் ஜெயித்தது. அதுவும் இன்று வரை என்.ஹெச்.எல். சாதனை. தொடர்ச்சிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும்.