நன்னாரியை யார் வளர்க்கிறது?

சித்திரை வெயில் ஏறிட்டா நம்ம இயற்கை அங்காடிகள்ல நன்னாரிக்குத் தனி மவுசு. 'ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், தோலுக்கு நல்லது' என்று எழுதிப் பொட்டலம் போட்டு விற்கிறோம். சொறி, சிரங்கு, வேனல்கட்டி, நீர்க்கடுப்பு என்று சித்த மருத்துவம் காலங்காலமாகக் கையாண்ட வேர்தான் அது. என் கேள்வி வேற. அந்த வேர் யாருடைய தோட்டத்தில் விளைந்தது?

பெரும்பாலும் யார் தோட்டத்திலும் இல்லை. காட்டோரத்திலும் கரட்டிலும் கடப்பாரை போட்டுத் தோண்டியது. கீரையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். வேரை முழுசா உருவினால் கொடியின் கதை அதோடு முடிஞ்சது. ரசாயனம் படவில்லை என்பதற்காக மட்டும் அதை இயற்கை விளைபொருள் என்று சொல்லலாமா? மண்புழு செத்தால் பதறுகிற நாம் இதைக் கேட்காமலே வாங்குகிறோம்.

இன்னொரு கூத்தும் நடக்குது. மெலிசாக, கருப்பட்டி நிறத்தில், கட்டையாக இருப்பதுதான் நன்னாரி வேர். வாசம் ஒன்றுபோல இருப்பதால், ஊறுகாய் போடுகிற சதைப்பற்றான மாகாளிக்கிழங்கும் அதே பெயரில் விலைபோகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பாறை இடுக்கில் வளரும் அந்தச் செடி ஏற்கெனவே அருகிக்கொண்டு வருகிறது. நம்ம சர்பத்துக்காக அதையும் சேர்த்துத் தோண்டணுமா?

நன்னாரி வளர்க்கத் தனி நிலம் வேண்டாம். கிளுவை, நொச்சி என்று உயிர்வேலி வைத்திருப்பவர்கள் அதன் காலடியிலேயே நடலாம். மழைக்காலத் தொடக்கத்தில் விரல் நீள வேர்த்துண்டு போதும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. நடுவில் வெள்ளை வரி ஓடிய இலையோடு கொடி தானே வேலியைப் பிடிச்சு ஏறிக்கும். மாந்தோப்பின் அரைநிழலிலும் வரும். இரண்டு வருஷம் பொறுக்கணும், அதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். எடுக்கும்போது பக்கவேரை மட்டும் வெட்டிக்கொண்டு தாய்வேரை மண்ணில் விட்டால் திரும்பத் தழையும். வேரை நிழலில்தான் உலர்த்தணும். இடித்து ராத்திரி ஊறப்போடுங்கள், ரொம்பக் கொதித்தால் வாசம் ஓடிப்போகும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும் என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள். சர்க்கரைப் பாகில் எசென்ஸும் சாயமும் கலந்தது நன்னாரி இல்லை. நாள்பட்ட தோல் நோய்க்காரரை வைத்தியரிடம் அனுப்புங்கள். பொட்டலத்தில் வேர் எந்த ஊர், யார் வளர்த்தது என்று எழுதுங்கள். நம்ம அரிசி மூட்டையில் எழுதுகிறோமே!

அடுத்த விதைத் திருவிழாவில் மாப்பிள்ளைச் சம்பாவுக்குப் பக்கத்திலேயே ஈரச்சாக்கில் சுற்றிய நன்னாரி வேர்த்துண்டும் ஒரு கூடை இருக்கட்டும். வேலியில் கொடி வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொண்டு வந்தாலே போதும்.