'கபால்' சொல்லும் பாடம்

'கபால்' என்பது பழைய ஆங்கிலச் சொல். எபிரேய மறைஞானத்தைக் குறித்த 'கபாலா' என்னும் பெயர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற் புகுந்து சூழ்ச்சி என்ற பொருளைப் பெற்றது. அப்பொருள் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. சூழ்ச்சி செய்யும் கூட்டத்தையே அச்சொல் இப்போது சுட்டுகின்றது.

இரண்டாம் சார்ள்ஸ் மன்னனின் மந்திரிமாரான கிளிபோர்ட், ஆர்லிங்டன், பக்கிங்ஹாம், ஆஷ்லி, லோடர்டேல் ஆகியோரின் ஆங்கில முதலெழுத்துக்கள் சேர்ந்தே இச்சொல் பிறந்தது என்பர் சிலர். அது பிழை, அவர்கள் பதவியேறு முன்பே சொல் வழங்கிற்று. எழுத்துப் பொருத்தம் தற்செயலே; செயலோ பெயருக்கு மிகப் பொருந்தியது.

1670இல் டோவரில் மன்னன் பிரான்சுடன் இரகசிய உடன்படிக்கை செய்தான். பிரெஞ்சுப் பணத்துக்குக் கைமாறாக, தன்னைக் கத்தோலிக்கனென அறிவிக்கவும் ஒல்லாந்தர்மீது போர் தொடுக்கவும் வாக்களித்தான். பாராளுமன்றம் அறியவில்லை. ஐவருள்ளும் கிளிபோர்டும் ஆர்லிங்டனுமே முழுவதும் அறிந்தனர். ஏனைய மூவரை ஏய்க்க, மதம்பற்றிய வாசகத்தை நீக்கிய போலி உடன்படிக்கையொன்றில் அவ்வாண்டு டிசம்பரில் ஐவரும் ஒப்பமிட்டனர். சூழ்ச்சிக்குள்ளும் சூழ்ச்சி!

தமிழிலும் 'சூழ்ச்சி' என்பது வள்ளுவர் வழக்கில் ஆராய்ந்தெண்ணுதலையே குறித்தது. மந்திரிக்கு அது அழகு. இன்றோ அது பழிச்சொல். மந்திரிமார் தனித்திருந்து ஆலோசிப்பதைக் குற்றமென்று நாம் கூறோம். ஆனால், வரி கொடுப்பவனும் வயலுழுபவனும் எதற்குக் கட்டுப்படுகிறார்கள் என்பதை அவர்களுக்கே மறைத்தால், ஆலோசனை சூழ்ச்சியாகிறது. சொல்லின் பொருள் ஒழியலாம், செயல் ஒழிந்ததா? எந்த உடன்படிக்கையாயினும் முழு வாசகத்தையும் காட்டுக எனக் கேட்பது மக்களின் உரிமை. கேளாதிருப்பது சூழ்ச்சிக்குத் துணைபோவதாகும்.