எக்ஸ்எல் என்பது ஓர் அளவா?

கல்யாண வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை ஒன்று உண்டு. "கடை கடையாய் ஏறி இறங்குவானேன்? நம் சைஸ் தெரிந்தால் போதும், செல்போனிலேயே வாங்கிவிடலாம், சரியாயில்லாவிட்டால் திருப்பி அனுப்பினால் ஆயிற்று" என்பது அது. சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் தலையசைத்துவிட்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் வரவேற்புக்கான லெஹங்காவையோ, நிச்சயதார்த்தத்துக்கான கவுனையோ, தைத்த ரவிக்கையையோ வரவழைத்துவிட்டு, பார்சலைப் பிரிக்கும் அன்று முகம் வாடி நிற்கிறார்கள்.

நான் இந்தப் புதிய வியாபார முறைக்கு விரோதி அல்ல. திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடையே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த கிராமத்தில் இருக்கும் ஒரு பெண், தஞ்சாவூர்க் கீழவாசலுக்கோ கும்பகோணம் பெரிய தெருவுக்கோ பஸ் ஏறிப் போய் அரைநாள் அலையாமல், பெருநகரத்துப் பெண் உடுத்துகிற உடையைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே பெற்றுக்கொள்கிறாள் என்பது சாமானியமான சௌகரியம் அன்று. என் ஆட்சேபமெல்லாம் "சைஸ் தெரிந்தால் போதும்" என்ற அந்தக் கூற்றைப் பற்றியதுதான். அதற்குள் ஐந்தாறு தவறான அபிப்பிராயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன.

முதலாவது, "என் சைஸ்" என்று ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை. தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களைப் படித்தவர்கள் "ஆடவல்லான்" என்னும் மரக்காலை அறிவார்கள். கோயிலுக்குரிய நெல்லை இறைவனின் திருநாமம் தாங்கிய அந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது ராஜகேசரி என்னும் அளவுக்குச் சமம் என்றும் ராஜராஜன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்தார்கள். அளக்கிறவன் யாராயினும், அளக்கும் இடம் எதுவாயினும், மரக்கால் ஒன்றாய் இருந்தால்தான் அளவு என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு என்பது இந்த மண்ணுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. எம், எல், எக்ஸ்எல் என்னும் எழுத்துகளுக்குப் பின்னால் அப்படி ஒரு மரக்கால் இல்லை. அவை பூக்காரி போடுகிற முழத்தைப் போன்றவை. நெட்டைக் கைக்காரியின் முழம் வேறு, குட்டைக் கைக்காரியின் முழம் வேறு என்று நன்றாய் அறிந்துதான் நம் பெண்கள் "இன்னும் கொஞ்சம் விட்டுப் போடம்மா" என்று கேட்டு வாங்குகிறார்கள். சரத்துக்குக் காட்டும் அந்த விழிப்பை, அதைவிட நூறு மடங்கு விலை கொடுத்து வாங்கும் உடைக்குக் காட்டாமல் விடுகிறோம்.

மேல்நாட்டில் இதற்கு ஒரு பொதுப் பிரமாணம் காண முயன்றதுண்டு. அமெரிக்க விவசாய இலாகா 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்து, 1941இல் அந்தக் கணக்கை வெளியிட்டது. அதையொட்டி 1958இல் வகுத்த பிரமாணத்தை 1983இல் கைவிட்டுவிட்டார்கள். வாங்குகிறவளின் மனம் குளிரட்டும் என்று பெரிய உடையின் மேல் சின்ன எண்ணைப் பொறிக்கிற வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அமெரிக்காவில் 8 என்று விற்கிற உடை இங்கிலாந்தில் ஏறக்குறைய 12 என்று பெயர் பெறுகிறது. இரண்டும் கலந்து நம் கைபேசித் திரையில் வந்து நிற்கின்றன. நம் தேசத்துக்கென்று ஓர் அளவு முறை வேண்டும் என்ற நோக்கத்தோடு, ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில், நிஃப்ட் என்னும் தேசிய நிறுவனம் "இந்தியாசைஸ்" என்ற திட்டத்தை மேற்கொண்டது. 2018இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டம் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளப்பதாக வகுக்கப்பட்டது. கல்கத்தா, பம்பாய், டில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்பவை அந்த ஆறு. நல்ல முயற்சிதான், ஆயினும் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட அறிவிப்பில் வந்த அந்த வரிசையில் இருக்கவில்லை என்பதை நான் வருத்தத்தோடு குறித்துக்கொள்கிறேன்.

"எழுத்து போகட்டும், இஞ்சுக் கணக்கில் அட்டவணை போட்டிருக்கிறானே, அதைப் பார்த்து வாங்கினால் போதாதா?" என்பது அடுத்த வாதம். அட்டவணையைப் பார்ப்பது நல்லதுதான்; ஆனால் அதில் 36 என்று எழுதியிருப்பது உடுத்துகிறவளின் மார்பளவா, தைத்த உடையின் சுற்றளவா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தையற்காரர்கள் "லூசு" என்று சொல்கிறார்களே, மூச்சு விடவும் கையைத் தூக்கவும் குனிந்து பெரியவர்கள் காலில் விழவும் சரீரத்துக்கு மேல் விட்டுத் தைக்கிற அந்த அதிகப்படி, அது முதல் வகைக் கணக்கில் சேராது, இரண்டாம் வகையில் சேர்ந்திருக்கும். பின்னலாடையைப் போல் இழுத்தால் கொடுக்கிற துணியானால் இந்த வித்தியாசம் பெரிதாய்த் தெரியாமல் போகலாம். ஜரிகை ஓடிய பட்டிலும், உள்ளே லைனிங் கொடுத்த கனத்த துணியிலும் இரண்டு இஞ்சு குறைந்தால் கொக்கி மாட்ட முடியாது.

இடுப்பு என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. அட்டவணை செய்கிறவன் இடுப்பென்று சொல்வது தொப்புளுக்கு மேலே உடம்பு மிகவும் ஒடுங்குகிற இடத்தை. நம் பெண் பாவாடை நாடாவைக் கட்டுகிற இடமோ அதற்கு மூன்று நாலு விரற்கடை கீழே. வருஷக் கணக்காய்க் கட்டிக் கட்டிக் கறுத்த தடம் விழுந்திருக்கும் இடம். இரண்டுக்கும் சுற்றளவு வேறு. கீழே இறக்கிக் கட்டினால் லெஹங்கா தரையைப் பெருக்கும். மேலே ஏற்றிக் கட்டினால் அவளுக்குப் பழக்கமில்லாத இடத்தில் இறுக்கும். ஆகையால் டேப்பை வைக்கும்போது நாடாத் தடத்தின் மேலேயே வைத்து அளக்க வேண்டும். நீளத்தை அங்கிருந்து தரை வரை, அன்று போட்டுக்கொள்ளப் போகும் செருப்போடு நின்று அளக்க வேண்டும். மார்பளவை அன்று அணியப் போகும் உள்ளாடையோடு அளக்க வேண்டும். இவற்றைவிட உத்தமமான வழி நம் பாட்டிமார் அறிந்ததுதான்: அளவு ஜாக்கெட். உடம்புக்குக் கச்சிதமாய் இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைப் பாயில் பரப்பி, ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடிவரை அளந்து, இரட்டிப்பாக்கி, உடையின் அளவு என்று விற்பவர் கொடுத்திருக்கும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கைக் கொடுக்காத கடையில் விசேஷத்துக்கான உடையை வாங்காதிருப்பதே விவேகம்.

இனி, எல்லாரும் பெரிய சமாதானமாகச் சொல்கிற ஒன்றுக்கு வருகிறேன். "ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனாலேயே இது அதிகம் ஏமாற்றுகிறது. கரந்தையில் நாற்பது வருஷமாய் மிஷின் மிதிக்கிற தையற்காரர் ஒருவரிடம், போன வைகாசியில் என் அக்காள் மகளின் வரவேற்பு உடையை எடுத்துக்கொண்டு போய் நின்றபோதுதான் அந்த மற்றப் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பெண் கல்லூரியில் கைப்பந்து ஆடியவள். தோளும் கையும் உருண்டு திரண்டு, பார்க்க லட்சணமாய் இருப்பாள். மார்பளவு பொருந்திற்று, இடுப்பளவு பொருந்திற்று. ரவிக்கையின் கை மட்டும் முழங்கைக்கு மேலே நாலு விரற்கடையில் சிக்கிக்கொண்டு ஏற மறுத்தது. அட்டவணையில் மேற்கையின் சுற்றளவு என்று ஒரு வரியே கிடையாது. மார்பு இவ்வளவானால் கை இவ்வளவு என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து தீர்மானித்துவிட்டிருந்தார்.

தையற்காரர் ரவிக்கையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் கைத்தையலின் ஓரத்தை நெருடிப் பார்த்தார். "பிரிக்கத் துணியே இல்லீங்கம்மா. அரை இஞ்சுகூட விடலே, ஓவர்லாக் அடிச்சு வெட்டிட்டாங்க" என்றார். பிறகு தாம் தைத்த வேறொரு ரவிக்கையை எடுத்து அதன் உள்தையலை எனக்குக் காட்டினார். பக்கத்துக்கு ஒன்றரை இஞ்சு துணி மடிந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாய் மூன்று தையல் ஓடியிருந்தது. பிள்ளை பெற்றாலும், இளைத்தாலும், ஒரு தையலைப் பிரித்தால் ரவிக்கை உடம்போடு கூட வரும். சிறு பெண்களின் பட்டுப் பாவாடையில் டக்கு வைத்துத் தைத்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டக்கைப் பிரித்து இறக்குகிறோமே, அந்த யுக்திதான் இது.

சரி, பெரிதாய் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பக்கத்தைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம் என்றவர், சோல்டரில் விரலை வைத்து, "இங்கே இறங்கிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, கழுத்து, கைக்குழி எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி வெட்டணும்" என்றார். மார்பின் வடிவுக்காக மடித்துத் தைக்கிற டார்ட்டின் முனையும் அப்படித்தான். அது நிற்க வேண்டிய இடத்துக்குக் கீழே நின்றால் எவ்வளவு பிடித்தாலும் துணி சுருக்கம் விழுமே தவிர உட்காராது. முதுகிலும் கையிலும் ஆரி வேலை செய்து மணி பதித்த ரவிக்கையானால் பிடிக்கிற இடத்தில் வேலைப்பாடு தையலுக்குள் மறைந்து, பூவின் பாதி வெளியே நிற்கும். ஆகவே பெரிதாக வாங்குகிறவர்கள் தோளளவும் கைக்குழியும் மட்டுமாவது தங்களுக்குச் சரியாய் அமைகின்றனவா என்று பார்த்து, மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம். மார்பளவை மட்டும் நம்பி ஒரு சைஸ் ஏறுவதில் பிரயோஜனமில்லை.

"திருப்பி அனுப்பினால் ஆயிற்று" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணச் செலவு நெல்லைப் பார்த்து நடக்கிறது. தையில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலுக்குக் காவல் இருந்து, மூட்டை பிடித்து, எடை போட்டு, பணம் பாங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் துணிமணி என்ற பேச்சே எழும். அதற்குள் முகூர்த்தம் நெருங்கிவிடும். உடை வர ஒரு வாரம், திரும்பிப் போக ஒரு வாரம், வேறு வர இன்னொரு வாரம் என்று கணக்குப் போட அவகாசம் உள்ளவர்களுக்கே திருப்பி அனுப்பும் உரிமை பயன்படும். சட்டமும் பலர் நினைக்கிற அளவுக்குக் கை கொடுப்பதில்லை. 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்ன குணங்கள் இல்லாத பொருளையும், சொன்ன நாள் கடந்து வந்த பொருளையும் திரும்ப ஏற்க விற்பவர் மறுக்கக் கூடாது. "எனக்குப் பொருந்தவில்லை" என்பது அந்தப் பட்டியலில் வராது. அது அவரவர் கடையின் தயவைப் பொறுத்தது. ஒன்று மட்டும் செய்யலாம். பார்சல் வந்தவுடன், போட்டுப் பார்ப்பதற்கு முன்னால், உடையைப் பரப்பி டேப் வைத்து அளந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். விற்பவர் சொன்ன அளவுக்கும் வந்த அளவுக்கும் பேதம் இருந்தால், அப்போது உங்கள் வழக்கு சொன்னபடி இல்லாத பொருள் என்ற வகையில் சேர்ந்துவிடும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, புடவைக்கு அளவேது?" என்று சில மாமிமார் கேட்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டானாலும், கூறைநாட்டின் பெயர் தாங்கிய கூறைப்புடவையானாலும், புடவைக்கும் நீளம் உண்டு, பன்னா என்கிற அகலம் உண்டு. ஐந்தரை மீட்டர்ப் புடவையில் முறைப்படி மடிசார் கட்ட முடியாது. ஒன்பது கஜம் என்று போட்டிருந்தாலும் எத்தனை மீட்டர் என்று கேட்டு வாங்குவது நல்லது. உயரமான பெண்ணுக்குப் பன்னா இரண்டு இஞ்சு குறைந்தால் கணுக்கால் தெரியும். இதற்குமேல் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. அந்த ரவிக்கை ஏறாத அன்று மாலை வீட்டில் கூடியிருந்தவர்களில் ஒருவர், பிரியமாகத்தான், "எட்டு நாள் ராத்திரிச் சோத்தை விட்டுட்டா சரியாப் போகும்டி" என்றார். மற்றவர்களும் அதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அன்றிரவு சாப்பிட உட்காரவில்லை. "நான்தான் குண்டா இருக்கேன் சித்தி" என்று என்னிடம் சொன்னாள். இந்தப் பேச்சைத்தான் நான் எல்லாவற்றிலும் கடுமையாக மறுக்கிறேன். ஐந்து வருஷம் பந்தடித்துத் திரண்ட கை எட்டு நாள் பட்டினியில் இளைக்காது; இளைக்கவும் வேண்டாம். வெட்டும்போது அரை இஞ்சு துணியை மிச்சம் பிடித்த ஒருவரின் கணக்குக்காக, கல்யாணப் பெண் தன் சரீரத்தைக் குற்றவாளியாக்கி, மாலை போட்டுக்கொள்ளும் நாளில் மயக்கம் வந்து விழும்படி ஏன் வாட வேண்டும்? சோற்றைப் பிசைந்து நானே அவள் கையில் உருட்டிப் போட்டேன்.

மறுநாள் தையற்காரர் துப்பட்டாவின் ஓரத்திலிருந்து சாண் அகலம் வெட்டி, இரண்டு கைகளின் அடிப்பக்கத்திலும் நீளத் துண்டு வைத்து இணைத்துக் கொடுத்தார். இப்போது அவள் தங்கைக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டு நெல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தங்கையின் பதினோரு அளவுகளை அக்காள் டேப் பிடிக்க நான் எழுதி வைத்திருக்கிறேன். மேற்கைச் சுற்றளவு முதல் வரியில் இருக்கிறது.