சைலன்சரை மாத்தியாச்சு, கார்பரேட்டரை யார் பார்ப்பது?

ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரிலிருந்து ‘பட்... பட்... படார்’ என்று வெடிக்கிறதா? அதை கெத்து என்று நினைத்து ரீல்ஸ் போடுபவர்கள் நிறைய. ஆனால் இன்ஜின் சொல்ல வருவது பெரும்பாலும் வேறு: ‘எனக்குப் பெட்ரோல் பத்தலை’.

ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிவிட்டு கார்பரேட்டரைத் தொடாமல் விடுவது நம்ம ஊர் டர்ட் பைக் ஆசாமிகளிடம் ரொம்ப சாதாரணம். சத்தம் கூடியதும் வண்டி வேகமாகிவிட்டது என்று மனசு நம்பிவிடும். ஆறு மாதம் கழித்து வால்வு, பிஸ்டன் என்று பில் வரும்போதுதான் விஷயம் புரிகிறது.

உதாரணத்துக்கு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ஐ எடுத்துக்கொள்வோம். 2019 மே மாதம் விற்பனைக்கு வந்தபோது கார்பரேட்டர் மாடல் 97,000 ரூபாய், எஃப்ஐ மாடல் 1.05 லட்சம் (எக்ஸ் ஷோரூம்). 199.6 சிசி, 18.4 குதிரைத்திறன். காசு மிச்சம் என்று கார்பரேட்டர் வண்டி வாங்கியவர்களும் உண்டு, ‘காட்டுக்குள்ள நின்னா நானே கழட்டி மாட்டிக்குவேன்’ என்று வாங்கியவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் அந்த மாடல் முடிந்தது. இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறும் இந்த வண்டிகளும், அதற்கு முந்தைய 150 சிசி இம்பல்ஸும்தான் மண்ணில் ஓட்டிப் பழக நினைக்கும் பசங்களின் முதல் தேர்வு. வாங்கியதும் முதலில் கைவைப்பது சைலன்சரில்!

காத்து கூடினா பெட்ரோலும் கூடாதா?

நியாயமான கேள்வி. கார்பரேட்டரின் குறுகிய கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. அப்படியென்றால் காற்று கூடினால் பெட்ரோலும் தானாகக் கூட வேண்டும்தானே?

கூடும். ஆனால் தேவையான அளவுக்குக் கூடாது. கம்பெனியில் வரும் ஏர் பாக்ஸின் வாய் சின்னது. அந்தச் சின்ன வாய் வழியாக இழுக்க இன்ஜின் சிரமப்படுவதால் கார்பரேட்டர் கழுத்தில் உறிஞ்சும் விசை சற்று அதிகமாகவே இருக்கும். அந்த விசைக்கு ஏற்ற அளவில்தான் ஜெட்டின் ஓட்டையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். வாயைப் பெரிதாக்கினால் காற்று சுலபமாக வருகிறது, ஆனால் உறிஞ்சும் விசை குறைகிறது. ஸ்ட்ராவில் ஜூஸ் குடிக்கும்போது ஸ்ட்ராவில் சின்ன ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? காத்துதான் வாய்க்கு வரும். கிட்டத்தட்ட அதே கதை.

இன்னொரு பக்கம், தடை குறைந்த சைலன்சர் போட்டால் எரிந்த புகை நன்றாக வெளியேறி, உள்ளே புதுக்காற்றுக்கு இடம் கூடுகிறது. புகை விதிகளுக்காக ஏற்கெனவே பெட்ரோலைக் குறைத்துத்தான் கம்பெனி செட் செய்திருக்கும். அதற்கு மேலும் குறைந்தால் இன்ஜின் சூடு ஏறும்.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நல்ல இழுவை கிடைப்பது 12.5 முதல் 13 வரைக்குள். இதில் புதுச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது: இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் தேவை. எஃப்ஐ வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு மூளை கிடையாது பாஸ், அதில் இருப்பது வெறும் ஓட்டைகள்தான். ஆக, எதையும் மாற்றாத பழைய வண்டியே இன்று கொஞ்சம் ‘லீன்’ பக்கம் சாய்ந்துதான் ஓடுகிறது.

எந்த ஓட்டை, எப்போது?

ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். பக்கத்தில் நகராத பாகத்தில் ஒரு கோடு. இந்த அஞ்சு ரூபாய் வேலை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ஐடிலிங்கிலிருந்து கால் திறப்பு வரை பைலட் ஜெட், கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும். எக்ஸ்பல்ஸ் மாதிரி வேக்குவத்தில் ஸ்லைடு ஏறும் கார்பரேட்டரில், உங்கள் கை சொல்வதற்கும் ஸ்லைடு செய்வதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கு உதவும்.

ஜெட்டைத் தொடும் முன் வால்வு கிளியரன்ஸ் பாருங்கள். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சர் ஜாயின்ட்டில் கேஸ்கெட் லீக் இருந்தாலும் அதே ‘படார்’ சத்தம் வரும். அதை ஜெட் பிரச்சினை என்று நினைத்து நாலு நாள் அலைந்தவர்கள் உண்டு.

முதலில் மெயின் ஜெட். மேலே ஏறும் அளவுகளில் இரண்டு மூன்று ஜெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கெய்ஹின் நம்பரும் மிக்குனி நம்பரும் ஒன்றல்ல. இரண்டிலும் 120 என்று போட்டிருந்தாலும் போகும் பெட்ரோல் ஒரே அளவாக இருக்காது. மூடிய டிராக்கில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே கில் சுவிட்சை அணைத்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். வெளிறிப் போயிருந்தால் பெட்ரோல் பத்தலை. கரி அப்பியிருந்தால் அதிகம். டீத்தூள் பால் பார்த்த மாதிரி இளம் பழுப்பில் இருந்தால் சரி. (இன்றைய பெட்ரோலில் நிறம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது, புது பிளக்கில் பாருங்கள்.)

அடுத்தது நீடில். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். தலைகீழாகத் தோன்றுவதால் பலரும் சறுக்குவது இங்கேதான். ரோட்டுக்கென்று செய்த பல கார்பரேட்டர்களில் நீடிலுக்கு ஒரே நிலைதான், பள்ளமே இருக்காது. அப்போது அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள குட்டி வாஷர் ஒன்றை அடியில் கொடுப்பார்கள். மண்ணில் ஓட்டுபவருக்கு முக்கியம் இந்த நடுப்பகுதிதான். காட்டுப்பாதையில் யாரும் முழு ஆக்சிலேட்டரில் போவதில்லை.

கடைசியில் பைலட். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வெளியே திருகினால் பெட்ரோல் குறையும். ஆர்எக்ஸ் 100 பழகிய கை எக்ஸ்பல்ஸில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங் ஏறிச் சீராக நிற்கும் இடத்தைத் தேடுங்கள். பெட்ரோல் ஸ்க்ரூவை மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் வண்டி திருப்தி அடையவில்லை என்றால் பைலட் ஜெட்டே சின்னது என்று அர்த்தம்.

குழப்பமாக இருந்தால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் லீன், திணறினால் ரிச். அவ்ளோதான்.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்துவது, ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளை போடுவது இரண்டும் வேண்டாம். ஒரு ஜெட்டின் விலை அதைவிட மலிவு.

கோயம்புத்தூரில் சரி, ஊட்டியில்?

கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கீழே கச்சிதமாக ஓடிய வண்டி அங்கே ரிச் ஆகி மந்தமாகும். வேக்குவம் வகை ஓரளவு சமாளிக்கும், முழுசாக இல்லை. மலையில் சரிசெய்துவிட்டு அப்படியே கீழே இறங்கி நெடுஞ்சாலையில் விரட்டுவதுதான் ஆபத்து, அங்கே லீன் ஆகிவிடும். முன்கலவை எண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் என்றால் இன்னும் மோசம். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டு மொட்டை ஃபில்டர் மாட்டும் பழக்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஸ்லைடு நிதானமாக ஏற அமைதியான காற்று வேண்டும், அதை ஏர் பாக்ஸ்தான் தருகிறது. தூசி, சேறு, ஆற்றைக் கடப்பது எல்லாம் இருக்கும் இடத்தில் அந்தப் பெட்டியைக் கழற்றுவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. எண்ணெய் தடவிய ஃபோம் ஃபில்டர் போதும்.

சரி, இதெல்லாம் சட்டப்படி செல்லுமா? ரோட்டில் செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சத்தம், புகை விதியை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் தயாரிப்பில் அனுமதிக்கப்பட்ட சத்தமே 80 டெசிபல்தான். எனவே ஆபீஸுக்கும் போகிற வண்டி என்றால் சைலன்சரை விட்டுவிடுங்கள். டெம்போவில் ஏற்றி டிராக்குக்கு மட்டும் கொண்டுபோகிற வண்டி என்றால் செய்யுங்கள், முழுசாகச் செய்யுங்கள்.

போலீஸ் அபராதம் போடுவது ஓட்டுபவருக்குத்தான். ஆனால் ஜெட் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சைலன்சரை மட்டும் மாட்டி அனுப்பும் கடைக்கும் இதில் பங்கு உண்டு. ‘எந்த கார்பரேட்டர், எந்த ஜெட் இருக்கு?’ என்று கேட்காத கடையில் சைலன்சர் வாங்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மெக்கானிக்குகள் எஃப்ஐ காலத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். தெரிந்தவர் கிடைத்தால், லேபர் சார்ஜில் நூறு இருநூறுக்குப் பேரம் பேசாதீர்கள்.

கழற்றிய பழைய ஜெட்களைத் தூக்கிப் போட வேண்டாம். நம்பரை எழுதி ஒரு சின்ன கவரில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அந்த ஒரிஜினல் சைலன்சரையும் அந்தக் கவரையும்தான்.